கை நனைக்காமல் எழுந்த வீடு

என் இடது இமை எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். எதையாவது மென்றால் மட்டும் துள்ளித் துள்ளி மேலே ஏறும். தாடைக்குப் போகவேண்டிய நரம்பில் ஒரு கிளை, பிறக்கும்போதே வழிதவறி இமைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். முதலில் கண்டுபிடித்தது அம்மா. பால் குடிக்கும்போது ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கண்ணடித்தேனாம். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணைப் பார்த்தும் கண்ணடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பள்ளியில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். கல்யாணங்களில் கடைசிப் பந்தி, ஓர இலை.

இருபத்தெட்டு வயதில் தரகர் ஒரு போட்டோ கொண்டுவந்தார். சின்னசேலத்தில் வேலை முடிந்து கள்ளக்குறிச்சி திரும்பும் சாயங்கால பஸ்ஸில், இரண்டு வருடமாக நான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு வந்த பெண்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். அம்மா நனைத்தால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டில் இலை போட்டார்கள். அவளே வந்து சோறு வைத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

“வயிறு சரியில்லைங்க,” என்றேன்.

அவள் அப்பா என் அம்மாவைப் பார்த்தார். “புள்ளைக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லச் சொல்லுங்கம்மா. வயித்து மேல ஏன் பழி போடணும்?”

வழியெல்லாம் அம்மா திட்டினார். “ரெண்டு வாய் தின்னா இன்னாடா? கண்ணு எகிறுனா எகிறட்டுமே! நாளைக்கே போய் சொல்லிட்டு வரேன்.”

“கண்ணப் பத்தி மட்டும் சொல்லாதம்மா,” என்றேன். கண்ணைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அம்மா போகவில்லை. ஒரு மாதத்தில் அவளுக்குச் சேலத்தில் கல்யாணம்.

பிறகு நான்கு இடம் பார்த்தோம். எல்லா இடத்திலும் வயிறாரச் சாப்பிட்டேன். கண்ணைப் பார்த்துவிட்டு அவர்களே வேண்டாம் என்றார்கள்.

போன மாதம் சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வயிறு இப்ப தேவலையா?”

குரலில் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வருடம் தாமதமாக உண்மையைச் சொன்னேன். “வயிறு இல்லைங்க, கண்ணு. மென்னா துள்ளும்.”

“அது எனக்குத் தெரியாதா? பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு கடல தின்னுவீங்க. கண்ணாடில அப்டியே தெரியும். அதப் பாத்துக்கினேதான் தெனமும் வருவேன். எங்கப்பாகிட்ட சொல்லி தரகர அனுப்புனதே நான்தான்.”

கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

“நான்தான் உங்களுக்குப் புடிக்கலன்னு இத்தினி வருசமா நெனச்சுக்கினு இருந்தேன்.”

சேலம் ரயில் வந்தது. ஒரு கைப்பிடி கடலையை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, “தின்னுங்க,” என்று என் இமையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏறுங்க, வண்டி நிக்காது,” என்றேன்.

கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகுதான் முதல் கடலையை வாயில் போட்டேன்.