இடது கன்னத்தின் வெளிச்சம்

ஸ்டுடியோவில் அவளுக்கு டச்சப் அக்கா என்று பெயர். இறந்துபோனவர்களைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ தாத்தாக்களைப் பேத்தி கல்யாணத்தில் நிற்கவைத்திருக்கிறாள். சூட்சுமம் எல்லாம் நிழலில்தான். எல்லோருக்கும் ஒரு கன்னத்தில் வெளிச்சம், சேர்த்த ஆளுக்கு மட்டும் மறு கன்னத்தில் என்றால், பாவம், அந்த மனிதர் விலாசம் தவறி வந்தவர்போல் நிற்பார்.

இன்று திரையில் நின்றவர் அவள் கணவர். மகளின் பட்டமளிப்புப் படம். "அப்பாவும் இருக்கணும்மா." மகள் கேட்டது அது ஒன்றுதான்.

கேமராவைக் கண்டாலே நழுவுகிற மனிதர் அவர். வீட்டிலிருந்த படங்களில் பாதித் தலை, இல்லாவிட்டால் முதுகு. உருப்படியாக இருந்த ஒரே படத்திலும் இடது கன்னம் முழுக்க இருட்டு. மகளுக்கோ அந்தக் கன்னத்தில்தான் வெயில்.

படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தாள். நிழல் ஒத்துப்போனது. ஆனால் வகிடு மாறி, புருவத் தழும்பு மாறி, யாரோ ஒருவர் சிரித்தார். பழையபடியே வைத்து, இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. சிரித்தால் அந்தக் கன்னத்தில் குழி விழும். எங்கே? இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் தூங்கிய முகம். ஞாபகம் வரவில்லை.

நாத்தனாரை ஸ்டுடியோவுக்கு வரச்சொன்னாள். அப்படியே அண்ணன் ஜாடை.

"என்ன அண்ணி, எட்டு மாசம் கழிச்சு நான் உயிரோட இருக்கிறது தெரிஞ்சுதாக்கும்?"

"இப்படி ஜன்னலோரமா உக்காரு. சிரி."

"சும்மா சிரிக்க நான் என்ன லூசா? ஏதாவது சொல்லுங்க."

"புதுக்குடையைக் கக்கத்துல வச்சிக்கிட்டு உங்கண்ணன் தொப்பலா நனைஞ்சு வந்தாரே..."

"குடை நனைஞ்சிடுமாம்!" நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள்.

குழி விழுந்தது. அவள் உத்தேசமாக நினைத்த இடத்தில் இல்லை. இன்னும் கீழே, உதட்டை ஒட்டினாற்போல். மவுஸை மெல்ல நகர்த்தினாள்.

"முடிஞ்சுதா? கழுத்து வலிக்குது அண்ணி."

முடிந்து நிறைய நேரமாகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான், இரு" என்றாள்.