பரண்மேல் பழகிய தொண்டை

வறட்சி நிவாரணம் கேட்டு நாடாளுமன்றத்தில் நான் முதன்முதலாகப் பேச எழுந்ததும் மைக் படுத்துவிட்டது. எதிர் வரிசையில் ஒரே கூச்சல். அது எனக்குப் பழகிய சத்தம்தான். சோளக்காட்டில் கிளிக்கூட்டம் இறங்கினால் அப்படித்தான் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் குன்னத்துப் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடு. ஒன்பது வயசில் மூங்கில் பரண்மேல் நின்று கிளி விரட்டுவது என் வேலை.

"வெறுமன கத்தாதடி, வாய்ப்பாட்டைக் கத்து. கிளியும் போவும், கணக்கும் ஏறும்" என்பாள் அம்மா. பதினாறாம் வாய்ப்பாடு பக்கத்து ஊர் வரை கேட்கும்.

"பொட்டப்புள்ளைக்கு இம்மாம் தொண்டையா? எவன் கட்டிக்குவான்?" என்று தலையிலடித்துக்கொண்டார் தாய்மாமன்.

"அது கெடக்கட்டும்ண்ணே. கதிரு வூடு வந்து சேரணும்ல?" என்றாள் அம்மா.

அந்தத் தொண்டையை வைத்துத்தான் முப்பது வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடத் தூங்கியதில்லை.

மைக்கை ஒதுக்கினேன். பரணில் நின்ற மாதிரி நிமிர்ந்து, எங்கள் காடு காய்ந்த கணக்கை முதலிலிருந்து கத்தினேன். வரிசை வரிசையாக அடங்கினார்கள். அமைச்சர் எழுந்தார்.

"நிவாரணம் உண்டு, புரொபசர் அம்மா. உட்காருங்க."

கதிரு வூடு வந்து சேர்ந்துடுச்சும்மா.