மாதா படத்தடியில் இருந்த கிண்ணம்

யப்பான் தேநீர்க் கிண்ணம் ஒன்று எங்கள் வீட்டு மாதா படத்தடியில் ஏழெட்டு வருடம் இருந்தது. சண்டை முடிந்தபின் கண்ணிவெடி அகற்ற வந்த யப்பான்காரர் ஒருவர் பள்ளிமுனையில் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். நாடு திரும்புவதற்கு முதல்நாள் எங்களிடம் வந்து, பச்சைத் தேயிலைத் தூளில் வெந்நீர் விட்டு நுரைவர அடித்து, அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் என் மனைவியிடம் நீட்டினார். கிண்ணத்தின் வடிவான பக்கம் விருந்தாளியைப் பார்க்க வேண்டுமாம். விருந்தாளி அந்தப் பக்கத்தில் வாய் வைக்காமல் சற்றுத் திருப்பிக் குடிக்க வேண்டுமாம். அவருடைய சாரதி சொல்லித்தான் விளங்கியது. அவளும் திருப்பிக் குடித்தாள்.

"வேப்பிலை அரைச்ச மாதிரிக் கிடக்கு," என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கிண்ணத்தை எங்களுக்கே தந்துவிட்டுப் போனார். வாய் கோணல், பிடியும் இல்லை. "இதில ஆருக்குத் தேத்தண்ணி குடுக்கிறது?" என்றாள். அன்பாகத் தந்ததை மூலையில் போடவும் மனமில்லை. மடு மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அதில் விட்டு மாதாவுக்கு முன்னால் வைத்தாள். அதன்பின் அதைத் தொட எனக்கே அனுமதி இல்லை.

பிறகு பாரிசவாதம் வந்து அவளுடைய வலக்கை வழங்காமல் போனது. கோப்பைப் பிடியில் விரல் நிற்காது. இரண்டு தரம் மடியில் ஊற்றிக்கொண்டாள். நான் பருக்கப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். நாளுக்கு ஆறு தரம் தேத்தண்ணி குடித்தவள் மூன்று வாரம் வேண்டாம் என்றே இருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளுக்குள், இப்படியே எல்லாவற்றையும் விட்டுவிடுவாளோ என்ற பயம்.

ஒருநாள் பின்னேரம் செபம் சொல்ல உட்கார்ந்தபோது கண் கிண்ணத்தில் விழுந்தது. அந்த மனிதர் இரண்டு கையாலும் பிடித்தது ஞாபகம் வந்தது. தீர்த்தத்தைக் கால் படாத இடமாக, முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். கிண்ணத்தைக் கழுவி, பால்தேத்தண்ணி அரைவாசி விட்டு, வடிவான பக்கம் அவளைப் பார்க்க நீட்டினேன்.

"இந்தாரும்."

"இது மாதான்ர கிண்ணமெல்லோ?"

"மாதா கோவிக்கமாட்டா. பிடியும்."

கிண்ணம் தடிப்பென்றபடியால் கை சுடவில்லை. இடக்கை தாங்கியது, வலக்கை பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மடியில் வைத்து மெல்லத் திருப்பினாள். பிறகு தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்தாள்.

"சீனி காணாது," என்றாள். "நாளைக்கு ஒழுங்காப் போடுங்கோ."

நாளைக்கு என்றாளே. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் அழுதேன்.