மதிலுக்கு வெளியே எடுத்த மண்

எங்கள் நகரத்து உதைபந்தாட்ட மைதானத்தில் இராயப்பு பதினான்கு வருடம் காவலாளியாக இருந்தார். அத்தனை வருடத்தில் ஒருநாளாவது அவர் செருப்போடு புல்லில் கால் வைத்ததை யாரும் கண்டதில்லை. மாரியில் சேறு கணுக்கால்வரை ஏறினாலும் வெறுங்கால்தான். அங்கே பந்தடித்த நாங்கள் முதல் பத்து மாதம் அவர் நடையை பழித்துக் காட்டிச் சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டில் அவருக்கும் மனைவி செசீலியாவுக்கும் ஓர் ஆண்பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. சுவாமியார் வந்து சேருமுன் மூச்சு அடங்கிவிடும்போல இருந்தது. அப்படியான நேரத்தில் வீட்டில் நிற்கிற எவரும் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். இராயப்பு செபத்தைப் பிழையில்லாமல் சொன்னார். ஆனால் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றவில்லை. பெருவிரலைத் தீர்த்தத்தில் தொட்டு, கோயில் வாசலில் செய்வதுபோல நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார்.

தண்ணீர் ஓடவில்லை, அது வெறும் ஆசீர்வாதம்தான் என்று சுவாமியாருக்கு உதவியான உபதேசியார் தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்த மனுசனுக்கு அது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இறந்த பிள்ளையைக் கோயில் கல்லறை நிலமான சேமக்காலைக்குள் விடவில்லை. மதிலுக்கு வெளியே இருந்த மணல்மேட்டில், ஞானஸ்நானம் இல்லாத மற்றப் பிள்ளைகளோடு புதைத்தார்கள்.

அறுபத்திரண்டு தை மாதம் மைதானத்தை வாவிப் பக்கமாகப் பெருப்பித்தார்கள். வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரரின் லொறிகள் மண் கொண்டுவந்து கொட்ட, கூலிக்குப் பரவியவர்களில் இராயப்புவும் ஒருவர். மூன்றாம் நாள்தான் மண் எங்கே எடுக்கிறது என்று சாரதியிடம் கேட்டிருக்கிறார்.

"சேமக்காலை மதிலுக்கு வெளியாலதான். அங்க ஆரும் இல்லத்தானே" என்றானாம் அவன்.

அதற்குள் நாற்பது லொறி மண்ணைப் பரவி, உருளையால் அழுத்தி முடித்திருந்தார்கள். அந்த உருளையை இழுத்தவர்களில் இவரும் இருந்தார். அன்றைக்கே செருப்பைக் கழற்றினார். வேலை முடிந்ததும் யார் யாரையோ கெஞ்சி அங்கேயே காவலாளியானார். செசீலியாவிடம் மட்டும் சொல்லவில்லை. வருடத்தில் ஒருநாள், சகல ஆத்துமாக்களின் திருநாளில், அவள் அந்த மேட்டில் மெழுகுதிரி கொளுத்தப் போவாள். அந்த நாள் வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று பத்து மாதம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினார். வாய் வரவில்லை.

அந்தத் திருநாளான கார்த்திகை இரண்டாம் திகதி பின்னேரம் நாங்கள் அடுத்த நாள் ஆட்டத்துக்குப் பழகிக்கொண்டிருந்தோம். செசீலியா கொளுத்தாத மெழுகுதிரியோடு நேரே மைதானத்துக்குள் வந்தாள். மேடு இருந்த இடத்தில் குழியைக் கண்டிருக்கிறாள். மண் போன இடத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். பந்து தானாக உருண்டு நின்றது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

"எந்த இடம்?" என்று கேட்டாள்.

"தெரியா" என்றார் இராயப்பு. "நாந்தான் பரவினன். எனக்கே தெரியா."

அவள் அழவில்லை. புல்வெளியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தாள். பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்.

"பேரெண்டு ஒண்டு வெச்சிருந்தா கூப்பிட்டாவது பாத்திருக்கலாம்."

இராயப்பு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெச்சனான்" என்றார். "சிலுவை போடக்குள்ள சொன்னனான். உபதேசியார் செல்லாதெண்ட பிறகு, அத உன்னட்டச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்திச்சி."

அவள் காதுக்குள் அந்தப் பேரைச் சொன்னார். செசீலியா வாவிப் பக்கம் திரும்பி, விளையாடப் போன பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுவதுபோல உரத்துக் கூப்பிட்டாள்.

"தோமஸ்!"

ஊரில் எத்தனையோ பேருக்கு அந்தப் பேர். எனக்கும் அதுதான். பழக்கத்தில் "ஓம்" என்று பதில் குரல் கொடுத்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.