சோப்பக்காவின் பதினெட்டு முட்டைகள்

முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டு கழுவிய கை சும்மா இருக்குமா? ஓய்வு பெற்றதும் சோப்பக்கா கோழி வளர்க்க ஆரம்பித்தாள். எதையும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் தெருவில் வைத்த பெயர் அது. அவள் அதற்கு முகம் சுளித்ததில்லை.

முதல் தடவை அடை வைத்ததில் ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. சேவல்தான் உதவாக்கரை என்று அவளே தீர்ப்புச் சொல்லி, அதைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டாள். பாவம், அதற்கு வாதாட வக்கீலா இருந்தான்?

அவள் இருந்த வீடு தம்பியுடையது. அவன் கறாராகச் சொல்லிவிட்டான். "இந்தத் தடவையும் பொரிக்கலைன்னா கோழிய எல்லாம் வித்துட்டு எங்ககூட வந்துடுக்கா. தனியா கெடந்து என்ன பண்ணப்போற?" அங்கே போனால் தம்பி மனைவி நீட்டும் தட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இம்முறை எதிலும் குறை வைக்கவில்லை. புதுச் சேவல் வந்தது. எட்டுப் பெட்டைகளுக்கும் பூச்சிமருந்து கொடுத்தாள், இறகை விலக்கிப் பேன் பார்த்தாள், ஓடு உறுதிப்படக் கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலந்தாள். பெட்டைகளின் முதுகைக் கிழிக்காமலிருக்கச் சேவலின் கால் முள்ளைக்கூட அரத்தால் தேய்த்து மழுக்கினாள். பதினெட்டு முட்டை சேர்ந்ததும் குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, இரண்டு அடைக்கோழிகளுக்குக் கீழே வைத்தாள்.

இருபத்தோராம் நாள் ஒரு சத்தமும் இல்லை. இருபத்து மூன்றாம் நாள் நாற்றம்தான் வந்தது. தீவனக் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கைந்தை உடைத்தார். இறகு அரும்பிய குஞ்சுகள் உள்ளே அழுகிக் கிடந்தன.

"சேவல் மேல குத்தமில்லம்மா. கரு நல்லாத்தான் கட்டியிருக்கு. முட்டைய கழுவினீங்களா?"

"பின்ன? எச்சமும் மண்ணுமா இருக்கறத எப்படி அப்படியே வைக்கிறது?"

"ஓட்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும்மா. பச்சைத் தண்ணில கழுவினா அது போயி அழுக்கு உள்ள எறங்கிடும்."

சோப்பக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் தடவையும் இப்படித்தான் கழுவி வைத்திருந்தாள்; கறிக்கடைக்குப் போன சேவல் நினைவுக்கு வந்தது.

விஷயம் தெரிந்து மாலையில் தம்பி கூடையோடு வந்தான். அவள் கெஞ்சினாள். "கோழிங்க மேல ஒரு தப்பும் இல்லடா. எல்லாம் நல்ல கோழி. நான்தான் கழுவிக் கெடுத்துட்டேன். இன்னும் ஒரு மாசம் குடு."

"நல்ல கோழின்னா வாங்கறதுக்கு ஆள் இருக்குக்கா," என்றான் அவன், குரலை உயர்த்தாமல். "உள்ள போய்த் துணிமணிய எடுத்து வை."

அவனைக் கண்டதும் பெட்டைகள் சிதறி ஓடின. ஒன்றுகூட அவன் கைக்குச் சிக்கவில்லை. கடைசியில் அவள்தான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்தாள்.