அக்கா எழுதிய கால் அங்குலம்

என் முதுகில் கோளாறு இருப்பதைப் பன்னிரண்டு வயதில் பாவாடைதான் காட்டிக்கொடுத்தது. எத்தனை முறை இழுத்துக் கட்டினாலும் கீழ்விளிம்பு ஒரு பக்கம் ஏறியே நின்றது. அப்போது அந்தமானில் நாங்கள் இருந்த ரங்கத்தில் எக்ஸ்ரே கிடையாது. சாலை வேலையில் மேஸ்திரியாக இருந்த அப்பா என்னைக் கப்பலேற்றி போர்ட் பிளேருக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் ஒரே ஒரு படம் எடுத்தார். "முதுகெலும்பு லேசா வளைஞ்சிருக்கு. வளர்ற பொண்ணு, அடிக்கடி எக்ஸ்ரே எடுக்கிறது நல்லதில்ல. மாசம் ஒரு தடவை வீட்லயே அளங்க" என்றார். அப்பாவின் வேலையைக் கேட்டதும் சிரித்தார். "அப்போ ரசமட்டம் வச்சிருப்பீங்களே!"

நான் காலைச் சேர்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டுக் குனிய வேண்டும். புடைத்த விலாவின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வந்ததும், தாழ்ந்த பக்கத்தில் எவ்வளவு இடைவெளி என்று அடிக்கோலால் பார்க்க வேண்டும். அன்று கால் அங்குலம் இருந்தது.

"அரை அங்குலம் ஆச்சுன்னா காத்திருக்காதீங்க. மெட்ராஸ் போய் முதுகை நிமிர்த்திப் பிடிக்கிற கச்சை போடணும், சில மாசம் அங்கேயே தங்கணும். வளர்ற வயசுலதான் அதுக்குப் பலன்."

வெற்று முதுகை அப்பாவிடம் காட்ட எனக்குக் கூச்சம். அம்மாவுக்கு அடிக்கோல் கோடுகள் பிடிபடவில்லை. அதனால் என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா அளந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு கதவைச் சாத்திக்கொள்வோம். அளந்து முடித்ததும் வலிக்கிறதா என்று கேட்டு, தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவாள்.

"அக்கா, ஏறியிருக்கா?"

"பில்குல் இல்லடி. அதே கால் அங்குலம்தான்."

நோட்டில் அழகாக எழுதுவாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டுவேன். பள்ளிக்கூட பெஞ்சில் சாய்ந்தால் எலும்பு உறுத்துகிறது என்று ஒருமுறை சொன்னேன். "வளர்றப்போ அப்படித்தான் இருக்கும்" என்றாள். அவள் சொன்னால் எனக்கு மறுபேச்சில்லை.

அளக்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே அவளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் வேலை. ஒன்றரை வருடம் கழித்து, அவருக்கு லீவு கிடைத்தபோது கல்யாணம் நடந்தது. அக்கா போர்ட் பிளேருக்குப் போய்விட்டாள்.

அடுத்த முறை அளந்தவர் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா. தையல் தெரிந்தவர். மூன்று தடவை அளந்தார்.

"அரே பேட்டி, யே தோ பூரா ஏக் இஞ்ச் ஹை!"

முழுதாக ஒரு அங்குலமாம். அளக்கத் தெரியவில்லை என்று அவரிடம் சண்டை போட்டேன். நோட்டைக் காட்டினேன். அவர் அப்பாவைக் கூப்பிட்டார்.

போர்ட் பிளேரில் டாக்டர் புதுப் படத்தையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டினார். "ஒரே மாசத்துல இவ்வளவு ஏறாதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். "ஆபரேஷன் தேவைப்படாது. ஆனா வளர்த்தி முடியப் போகுது. இனி கச்சை போட்டுப் பிரயோஜனமில்ல."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனோம். எங்களைக் கண்ட சந்தோஷத்தில் டீ கொண்டுவந்தாள். அப்பா நோட்டை அவள் முன்னால் வைத்தார்.

"நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அஞ்சாவது மாசமே அரை தாண்டிடுச்சுப்பா."

"ஏன் சொல்லல?"

"இவ மெயின்லேண்ட் போனா அம்மாவும் கூடப் போகணும். கல்யாணம் தள்ளிப்போகும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்திருக்க மாட்டாங்க. இவ முதுகைப் பத்தித் தெரிஞ்சா எனக்கும் அது வருமோன்னு நினைப்பாங்க. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசமாச்சேக்கா" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மாதாமாதம் முதுகு ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே கையால் எண்ணெய் தேய்த்திருக்கிறாள் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா டீயைத் தொடாமல் எழுந்தார்.

இன்றும் என் வலது தோள் ஏறித்தான் இருக்கிறது. நடக்கிறேன், வேலைக்கும் போனேன், பெரிய கஷ்டமில்லை. அக்காவும் நானும் பேசிக்கொள்ளத்தான் செய்கிறோம். மன்னித்துவிட்டாயா என்று அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். முதல் தடவை, அவள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, நோகடிக்க மனமில்லாமல் ஆமாம் என்றேன். இரண்டாம் தடவை இல்லை என்றேன்.