பேட்டரி இறங்கிய படகு

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் பேட்டரி தெரியும். எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்காரர் லாரி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். டெர்மினலில் பூத்துக் கிடக்கும் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவுவதும், குறைந்ததற்குத் தண்ணீர் விடுவதும் என் வேலை. கடைக்கு வரும் ஆண்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குனிந்த தலை நிமிராமல் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அவர் காலமான பிறகு மகன் கடையை விட்டுவிட்டு ஒரு மோட்டார் படகு வாங்கினான். கூரை போட்டது. பன்னிரண்டு பேர் உட்காரலாம். காவிரியில் நல்ல தண்ணீர் ஓடும் மாதங்களில் மட்டும் முக்கொம்பிலிருந்து ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் வரைக்கும் பகல் முழுக்க மெதுவாகப் போகும். நடுவில் ஒரு மணல் திட்டில் கட்டிவிட்டுச் சாப்பாடு. ஒரு நாள் கீழே இறங்கும், மறுநாள் மேலே ஏறும். படகை ஓட்ட ஐம்பது வயதில் ஒருவரை வைத்திருந்தான். படகு எந்தக் கரையில் நின்றாலும் காவலுக்கு அதிலேயே படுத்துக்கொள்வார். நான் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்ப் பரிமாறுவேன்.

நான் போக ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, காலையில் படகு கிளம்ப மறுத்தது. செல்ஃப் பொத்தானை அமுக்கினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. படகுக்காரர் இன்ஜினில் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்பினார். மறுநாளும் அப்படித்தான். மகன் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினான். மூன்றாம் நாள் காலையில் அதுவும் செத்துக் கிடந்தது. மகனே அதைச் சார்ஜ் ஏற்றி மறுபடி மாட்டினான்.

“இவன் ராத்திரி ஃபேன் போட்டுக்கிறாம்மா. போன்ல படம் பாக்கிறான். கேட்டா, பலகைக்கு அடியில வண்டு கத்துற மாதிரி சத்தம் வருது மொதலாளிங்கிறான். வண்டு வந்து பேட்டரியக் குடிச்சிட்டுப் போவுதாம்!” என்றான் மகன். “நீ ஒண்ணும் பேச வேணாம். பாத்துக்கிட்டு மட்டும் இரு. இன்னும் ஒரு தடவை பேட்டரி இறங்குச்சுன்னா ஆளை நிறுத்திடுறேன்.”

பேசாமல் பார்ப்பது எனக்கு வராத வேலையா? பார்த்தேன். காலையில் ஏறியதும் அவருடைய போனைப் பார்ப்பேன். எப்போதும் முழுச் சார்ஜ். அவர் தலைமாட்டில் ஒரு தகரப்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. ஆற்றில் படுப்பவருக்குப் பூட்டு எதற்கு? நான் அந்தப் பக்கம் போனால் போனில் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்துவார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். போன் நிறைந்திருப்பதை மகனிடம் சொன்னதும் நான்தான். அதை ஊரில் கடைக்காரரிடம் கொடுத்துச் சார்ஜ் ஏற்றி வாங்கிக்கொள்கிறாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு முக்கொம்பில் காலையிலேயே கயிறு இழுத்துத்தான் கிளம்பினோம். அவர் என்னிடம், “மொதலாளிக்குப் போன் போட்டுட்டீங்களாம்மா?” என்று கேட்டார். போட்டிருந்தேன். தூக்குவாளியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

படகில் ஸ்ரீரங்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. திட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். பொத்தானை அமுக்கினார். டக். கயிற்றை இழுத்தார். அதற்கும் அசையவில்லை. நாலைந்து தடவை இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

“ஏண்டிம்மா, இது ஓடுமா ஓடாதா?” என்று அந்தக் குடும்பத்து மாமி கேட்டார். “பெருமாளைச் சேவிக்கத்தான் கிளம்பினோம், இங்கேயே சேவை சாதிச்சுடுவார் போலிருக்கே!”

“கொஞ்சம் பொறுங்க மாமி, கிளம்பிடும்,” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பின்பக்கம் போனேன். அவர் கையை ஆற்றில் நனைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

“உங்க மகன்கிட்ட சொல்லுங்க, பகல்ல, பன்னெண்டு பேரு முன்னாடி எறங்கியிருக்கு. இதையும் நான்தான் குடிச்சேன்னு சொல்லிடுங்க.”

“நான் என்னத்தப்பா சொல்லப் போறேன்.”

“என்ன சொல்றீங்களோ. எனக்கு உங்க மேலதான் சந்தேகம். என்னை வெரட்டுறதுக்கு நீங்களே எதையாவது கழட்டி விடுறீங்களோன்னு. நீங்க ஏறுன நாள்ல இருந்துதான் இந்தக் கூத்து.”

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் போய்ச் சந்தேகப்படுவதா? அந்தக் கோபத்தில்தான் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். வீட்டுக்காரர் சொல்வார், கரண்டு எந்த வயரில் போகிறதோ அந்த வயர் சுடும் என்று. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சில்லென்று இருந்தன. பின்பலகைக்கு அடியில் இறங்கும் ஒன்று மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. பலகையில் காதை வைத்தேன். வண்டு முனகுவது போல் ஒரு சத்தம்.

“பலகையத் தூக்குப்பா.”

தூக்கினார். படகுக்குள் கசியும் தண்ணீரை வெளியேற்ற அங்கே ஒரு சின்ன மோட்டார் உண்டு. பக்கத்தில் ஒரு மிதவை. தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பும், மோட்டார் தானாக ஓடும். வடிந்தால் விழும், நின்றுவிடும். இப்போது அடியில் விரல் நனையத் தண்ணீர் இல்லை. மிதவை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. இராப்பகலாக ஓடியிருக்கிறது.

மிதவையின் கழுத்தைச் சுற்றி, அதை விழவிடாமல் இறுக்கிப் பிடித்தபடி ஒரு வாழைநார். நாரில் கருகிய மரிக்கொழுந்தும் ஒரு செவ்வந்தியும் ஒட்டியிருந்தன.

அந்தப் பூ நான் வைத்தது. தினமும் படகின் முகப்பில் ஒரு முழம் கதம்பம் சாத்துவேன். அது நம்மைச் சுமக்கிற காவேரித் தாயாருக்கு. மறுநாள் வாடின பூவைக் கால்படாத இடத்தில் போட வேண்டும், ஆற்றில் விடுவதுதான் முறை. ஆனால் மகன் ஆற்றில் எதையும் போடக்கூடாது என்று பெரிதாகப் போர்டு எழுதி மாட்டியிருந்தான். மொதலாளி அம்மாவே போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? குப்பைக் கூடையில் போடவும் மனசு வரவில்லை. அதனால் பலகை இடுக்கு வழியாகப் பூவை உள்ளே விட்டேன். அங்கேயும் காவிரித் தண்ணீர்தானே, யார் காலும் படாதே என்று.

கையை விட்டு நாரை அவிழ்த்தேன். மிதவை பொத்தென்று விழுந்தது. சத்தம் நின்றது. நாரைச் சுருட்டி மடியில் சொருகிக்கொண்டேன்.

“என்னம்மா அது?”

“ஒண்ணுமில்லப்பா. ஏதோ செத்தை.”

அவர் என் மடியைப் பார்த்தார். பிறகு உரிந்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். சின்ன மோட்டார் குடித்துக்கொண்டிருந்த மிச்சக் கரண்டு கிடைத்ததோ என்னவோ, மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. மாமி கைகூப்பினார்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் மகன் நின்றிருந்தான். ஆட்கள் இறங்கினார்கள். படகுக்காரர் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பூட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு தைலப் புட்டி, பெண் பிள்ளையின் போட்டோ.

“பாத்துக்குங்க மொதலாளி. நான் போறேன்.”

“போய்யா. நீயா போறது நல்லதுதான்.”

படித்துறை நிறையக் கூட்டம். என் வாழ்நாளில் கூட்டத்துக்கு நடுவே நான் வாய் திறந்ததில்லை. மடியிலிருந்து நாரை எடுத்து நீட்டினேன்.

“டேய், இது என் பூ. இதுதான் மிதவையப் புடிச்சிருந்துச்சு. நான்தான் உள்ள போட்டேன்.”

மகன் நாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “இவன் சொல்லிக் குடுத்தானாம்மா? பாவம் பாத்துக்கிட்டுப் பொய் சொல்றியா?”

பெற்ற பிள்ளையே நம்பவில்லை. அவனைப் படகுக்குள் கூப்பிட்டு, பலகையைத் தூக்கச் சொல்லி, அவன் கண்ணெதிரே நாரை மிதவையில் சுற்றினேன். மோட்டார் முனகியது. அவிழ்த்தேன். நின்றது. இன்னொரு தடவை சுற்றச் சொன்னான். சுற்றினேன்.

“வண்டு,” என்றான் மெதுவாக. பிறகு படகுக்காரரிடம், “பெட்டிய உள்ள வைய்யா,” என்றான்.

“வைக்கிறேன். ஓட்டுறேன். ஆனா ராத்திரிக் காவலுக்கு வேற ஆளப் பாருங்க மொதலாளி. நாளைக்கு ஒரு பல்பு எரியலன்னாலும் என் மொகத்தத்தான் பாப்பீங்க.”

மன்னிப்புக் கேட்க ஓரடி முன்னால் வைத்தேன். அதற்குள் அவர் பெட்டியோடு திரும்பிவிட்டார்.

இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார். பேட்டரி இறங்குவதில்லை. ஆனாலும் காலையில் நான் ஏறியதும், என் எதிரிலேயே பின்பலகையைத் தூக்கி ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குகிறார். பார்க்கட்டும் என்று நான் நகர்ந்து வழிவிடுகிறேன்.